பிரியாணிக் கடையைத் தாண்டிய பூனை

அத்தியாயம் 9

“திருடன்னு நான் சொல்லல. பீரோ சாவி கடைசியா யார்கிட்ட இருந்துச்சுன்னு மட்டும்தான் கேக்கறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே ஆன்ட்டி.”

“ஆன்ட்டி கீன்டின்னு இழுக்காத. இங்க நான் தலைவி.”

“சரிங்க தலைவி. வெள்ளிக்கிழமை என் முறை. ஊதினேன், துடைச்சேன், உள்ள வச்சுப் பூட்டினேன். சாவியை உங்க கையிலதான் குடுத்தேன்.”

“சாவியைக் குடுத்தே. உள்ள குழல் இருந்ததுக்கு யாரு சாட்சி?”

வசந்த்திடம் சாட்சி இல்லை. பூட்டிய பீரோவுக்கு யார்தான் சாட்சி வைத்துக்கொள்கிறார்கள். விஜயகுமாரியம்மா கையிலிருந்த பிளாஸ்டிக் குழலை அவன் மூக்குக்கு நேராக ஆட்டியபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் போயிற்று. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்கிற தெரு, அன்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக் கேட்டது. பாலாறு ரெக்கார்டர் குழு ஊதாமல் சண்டை போடுவது அதுவே முதல் தடவை. ஊதுவதைவிடச் சண்டையில் அவர்களுக்குச் சுருதி நன்றாகவே சேர்ந்தது.

குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை. ரெக்கார்டர் என்பது நாதஸ்வரம் மாதிரி நேரே பிடித்து ஊதுகிற குழல். சில வருஷங்களுக்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு டிசைன் சொல்லித்தர வந்த ஜெர்மன்காரம்மா ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஊதக் கற்றுக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய நீளமான மரக் குழலைக் குழுவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழல் வாங்கி, ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற ஒரு யூனிட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து, ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். மரக் குழல் ஒன்றே ஒன்று என்பதால் அதற்கு மட்டும் ஆளுக்கு ஒரு சாயங்காலம் முறை.

ஜெர்மன்காரம்மா சொன்ன எதையும் இவர்கள் மீறுவதில்லை. ஊதுவதற்கு முன் குழலை உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது பனி கொட்டுகிற ஊர்க்காரருக்குச் சொன்னது. இங்கே சித்திரை வெயிலில் கரண்டும் போன நேரத்தில், பன்னிரண்டு பேரும் அக்குளில் குழலைச் செருகிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டாக்டர் வீட்டில் காய்ச்சல் பார்க்கிற கூட்டம் என்று நினைத்து வரிசையில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

சண்டைக்கு வருவோம். அன்று சாயங்காலம் ஆண்டு விழா. விழாவன்று தலைவி பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை, மரக் குழலில்தான் தனி வாசிப்பு. அதைக் கேட்க, வேலூர்ப் பக்கம் அணைக்கட்டு என்கிற ஊரிலிருந்து வசந்த்தின் அப்பா அம்மா வருகிறார்கள். கேட்பது சாக்கு. விஜயகுமாரியம்மாவின் ஒரே மகள் நித்யஸ்ரீயும் வசந்த்தும் இதே மாடியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஊதி ஊதியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாமா என்று பெரியவர்கள் பேச வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் பீரோவைத் திறந்தால் மரக் குழல் இல்லை.

“நாலு மணிக்குள்ள குழல் வரணும்” என்றார் விஜயகுமாரியம்மா. “இல்லன்னா உங்க அப்பா அம்மா வந்த பஸ்லயே திரும்பிப் போகலாம். குழலைக் காப்பாத்தாதவன் பொண்ணை எங்க காப்பாத்தப் போறான்.”

“கொஞ்சம் பொறுங்கம்மா” என்று பின்வரிசையிலிருந்து முக்தார் அகமது எழுந்தார். கடைத்தெருவில் அத்தர் கடை, விஜயகுமாரியம்மாவுக்கு அடுத்த வீடு. “பையன் நல்ல பையன். விழா வேலையில எல்லாருக்குமே இன்னிக்கு பேஜார்.”

“நீங்க பேசாதீங்க பாய். புரட்டாசி மாசம்னு பாக்காம காலங்காத்தால மீன் பொரிச்சிருக்கீங்க. எங்க வெண்பொங்கல் வரைக்கும் வாசனை.”

“எங்க வீட்ல இன்னிக்கு இட்லிம்மா.”

“இட்லிக்கு மீனா?”

பாய் உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். போன மாதம்தான் சேர்ந்தவர்கள். தூபாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது, தடிமனான கண்ணாடி, எந்நேரமும் கையில் ஒரு குடை. வேலூரில் கல்யாண விசாரணை ஆபீஸ் நடத்துகிறார். மாப்பிள்ளை குடிப்பாரா, ஏற்கெனவே எங்காவது சம்சாரம் உண்டா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்றெல்லாம் பெண் வீட்டுக்குத் துப்பு விசாரித்துச் சொல்வார். பக்கத்தில் அவருடைய உதவியாளன் பிரேம்நாத். வசந்த்தை வேவு பார்க்கச் சொல்லி விஜயகுமாரியம்மாதான் இருவரையும் மாணவர்கள் மாதிரி குழுவில் சேர்த்திருந்தார். பரம ரகசியம். ஆகவே தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

“மேடம்” என்றான் பிரேம்நாத் தணிந்த குரலில். “ஒரு மாசமா விசாரிக்கறோம். பையன்கிட்ட ஒரு கெட்ட பழக்கமும் இல்ல, ரெக்கார்டர் ஊதறதைத் தவிர. இப்ப திருட்டும் சேந்துச்சுன்னா நம்ம ரிப்போர்ட்டுக்கு ஒரு களை வரும்.”

“வாயை மூடிட்டு அந்தப் பூனையைப் பாரு.”

திறந்த பீரோவுக்குள், மரக் குழல் படுத்திருந்த வெல்வெட் துணிமேல் காது கிழிந்த செம்பட்டைப் பூனை ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. குழல் இருந்த பள்ளத்தை நக்கிக்கொண்டிருந்தது. விருந்தில் கடைசி ஆளுக்குப் போட்ட பாயசம் மாதிரி, ஒரு ஓரம் விடாமல்.

தூபா துணியை முகர்ந்து பார்த்தார். பிரேம்நாத்தும் முகர்ந்தான்.

“ஒண்ணும் தெரியல மேடம். பொறந்ததிலேருந்து தோல் பதனிடற ஷாப் காத்து. இந்த ஊர்ல மூக்கை நம்பி யாரும் துப்பறிய முடியாது.”

“அதனாலதான் பூனையோட மூக்கை வாடகைக்கு எடுக்கறேன்” என்று குடை நுனியால் பூனையை மெல்லத் தட்டினார் தூபா.

பூனை குதித்தது. ஓடவில்லை. வாசற்படியை நக்கியது. ஒரு படி இறங்கியது, அதை நக்கியது, அடுத்த படிக்கு இறங்கியது. பின்னால் குடையோடு ஒருவர், குழலோடு ஒருவர். மாடியில் சண்டை மூன்றாம் சுற்றுக்குப் போய்விட்டிருந்ததால் இந்த ஊர்வலத்தை யாரும் கவனிக்கவில்லை.

தெருமுனையில் பிரியாணிக் கடை. தம் உடைத்து மூடியைத் திறக்கிற நேரம். ஊர் பூனைகளுக்கெல்லாம் அது ஆபீஸ் நேரம். கடைக்காரர் செம்பட்டையைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் ஒரு எலும்பைத் தூக்கிப் போட்டார். எலும்பு அதன் முன்னங்காலில் பட்டு உருண்டது. பூனை திரும்பிக்கூடப் பார்க்காமல் தார் ரோட்டை முகர்ந்துகொண்டே போயிற்று.

தூபா நின்றுவிட்டார்.

“பிரேம், ஆம்பூர் பூனை பிரியாணிக் கடையைத் தாண்டிப் போவுது.”

“விரதமா இருக்கும் மேடம். புரட்டாசி.”

“கறியை விட்டுட்டு ஒரு பூனை போவுதுன்னா எதுக்குப் போவும்?”

“கல்யாணத்துக்கு.”

“மீனுக்குடா. காலைல மீன் வாசனைன்னு யாரு சொன்னது?”

பிரேம்நாத் பதில் சொல்வதற்குள் பூனை சந்தில் திரும்பி, பச்சை கேட் போட்ட வீட்டுக்குள் நுழைந்தது. அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் கம்பிக்கு வெளியே ஏற்கெனவே நாலு பூனைகள் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்கான வரிசையைப் பார்க்க முடியாது.

வீடு விஜயகுமாரியம்மாவுடையது.

“அம்மா மாடியில இருக்காங்க” என்றாள் நித்யஸ்ரீ, அழைப்பு மணிக்கு உள்ளிருந்தபடியே. “எனக்குத் தலைவலி. அதான் வரல.”

கதவு திறந்தேதான் இருந்தது. தூபா நேரே சமையலறைக்குப் போனார். நித்யஸ்ரீ ஒரு பெரிய அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் நாலு நாற்காலி, ஒரு சோபா, ஒரு ஊஞ்சல் இருக்கிறது.

“தலைவலிக்கு டிரம்முல உக்காந்தா சரியாப் போவுமாமா?” என்றான் பிரேம்நாத்.

“சும்மா உக்காந்தேன் அண்ணா.”

“பொங்கல் எப்படி இருந்துச்சும்மா?” என்று கேட்டார் தூபா.

நித்யஸ்ரீயின் முகம் சுருங்கியது. “நான் சாப்பிடல.”

“நீ சாப்பிட மாட்டே. அரிசி எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியும். எழுந்திரு.”

அவள் எழுந்தாள். அதோடு அழவும் தொடங்கினாள். பிரேம்நாத் முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி, மரக் குழலை வெளியே எடுத்தான். உச்சியிலிருந்து அடிவரை அரிசி ஒட்டி, அட்சதையில் புரண்டு எழுந்த புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஜன்னலில் பூனைகள் ஒரே குரலில் வரவேற்றன.

“போன் தண்ணில விழுந்தா அரிசில போட்டு வைப்பாங்க இல்ல, அந்த மாதிரி போட்டேன்” என்றாள் நித்யஸ்ரீ. “நேத்து சாயங்காலம் ஊதிப் பாக்கலாம்னு போனேன். எடுத்தா கையெல்லாம் எண்ணெய். ஒரே மீன் வாசனை. எனக்கு உடனே தெரிஞ்சிருச்சு. அவரு வேலை செய்ற தோல் ஷாப்புல தோலைப் பதப்படுத்தற டிரம்முக்குள்ள விடற மீன் எண்ணெய். துப்பட்டாவுல சுத்தி எடுத்துட்டு வந்தேன். வழியெல்லாம் சொட்டுச்சு.”

“அதை ஏன் வசந்த் குழலுக்குப் போட்டான்?”

“போன ஞாயித்துக்கிழமை ஜெர்மன்காரம்மா வாட்ஸப்புல மெசேஜ் போட்டாங்க. மரம் காஞ்சிடும், வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் போடுங்கன்னு. எந்த எண்ணெய்னு போடல. நானே பாத்துக்கறேன், யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. இவரு கேக்கணுமே. தோல் காஞ்சா இன்னா பண்ணுவாங்களோ, அதையே மரத்துக்கும் பண்ணிட்டாரு.”

“திருட்டுப் பட்டம் கட்டறாங்களே, அப்பவாவது வந்து சொல்லலாம் இல்ல?”

“திருடன்னா எங்க அம்மா ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க அக்கா. குழலைக் கெடுத்தவன்னா பேரன் பொறந்தாலும் மறக்க மாட்டாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாலு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. நீங்க இதைக் கொண்டு போனா எல்லாம் முடிஞ்சுது.”

“கொண்டு போகலன்னாலும் முடிஞ்சுதுமா” என்றான் பிரேம்நாத். அன்று அவன் சொன்னதில் ஒரே உண்மை அதுதான்.

தூபா குழலை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. காற்றும் போகவில்லை. அவர் ஊதிச் சத்தம் வராதது புதிதல்ல. ஆனாலும் இந்தத் தடவை குழலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நித்யஸ்ரீயின் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கி, ஊதுகிற வாய்க்குள் விட்டு நோண்டினார். ஏதோ ஒன்று மெதுவாக வெளியே வந்தது. அதைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“நேத்து சாயங்காலம் சாவியை எங்கேருந்து எடுத்தே?”

“அம்மா முந்தானையில முடிஞ்சிருந்தாங்க. புரட்டாசி சனிக்கிழமை இல்ல, படையல் முடிச்சிட்டுத் தூங்கிட்டாங்க. அவுத்துட்டுப் போனேன்.”

“சரி. முகத்தைக் கழுவிட்டு நீயும் வா.”

மாடியில் சண்டை ஓய்ந்து, குற்றவாளியை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தூபா நுழைந்தார். பின்னால் பிரேம்நாத், அவன் கையில் அரிசி முளைத்த மரக் குழல், அதற்குப் பின்னால் நித்யஸ்ரீ, அவளுக்குப் பின்னால் ஐந்து பூனைகள்.

“எங்க இருந்துச்சு?” என்று எழுந்தார் விஜயகுமாரியம்மா.

“சொல்றேம்மா. முதல்ல இதுக்கு எண்ணெய் விட்டது யாருன்னு தெரியணும்.”

நித்யஸ்ரீ வேண்டாம் என்று தலையாட்டினாள். வசந்த் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டும் எழுந்தான்.

“நான்தான். வெள்ளிக்கிழமை. மரம் ரொம்பக் காஞ்சிருந்துச்சு. எங்க ஷாப்புல இருந்து மீன் எண்ணெய் கொஞ்சம் கொண்டாந்து தடவினேன். கெட்டுப் போயிருந்தா என் தப்பு.”

“பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று எல்லாப் பக்கமும் திரும்பினார் விஜயகுமாரியம்மா. “மீன் எண்ணெய். அதுவும் புரட்டாசியில.”

“உக்காருங்கம்மா, இன்னும் இருக்கு” என்றார் தூபா. குழலை முக்தார் அகமதுவின் மூக்குக்குக் கீழே நீட்டினார். “பாய், அத்தர் கடைக்காரர் நீங்க. மீனுக்குக் கீழ இன்னா வருது?”

பாய் முகரவேயில்லை. “பாதாம் எண்ணெய்” என்றார் தரையைப் பார்த்தபடி. “புதன்கிழமை என் முறை. தலைக்கே நல்லது, மரத்துக்கு எப்படி ஆகாம போவும்னு நினைச்சேன்.”

“தையல் மிஷின் எண்ணெயும் இருக்கும் மேடம்” என்று மூலையிலிருந்து தானாகவே ஒரு குரல் வந்தது. கீழே யூனிட்டில் மிஷின் மெக்கானிக்காக இருக்கிற ராஜவேலு. “செவ்வாக்கிழமை. ஒரே ஒரு சொட்டு. ஓட்டைக்கு ஒரு சொட்டு.”

“ஆக எட்டுச் சொட்டு” என்றான் பிரேம்நாத். “வாரம் பூரா எண்ணெய்க் குளியல். தீபாவளிக்கு நாமகூட ஒரு நாள்தான் குளிக்கறோம்.”

“இப்படி ஆளாளுக்குக் கெடுத்திருக்கீங்களே” என்று விஜயகுமாரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “நல்லவேளை, நான் பிளாஸ்டிக் குழலைக் கொண்டாந்தேன். இல்லன்னா சாயங்காலம் தனி வாசிப்புக்கு வெறுங்கையோட நின்னிருப்பேன்.”

“அதைத்தாம்மா நானும் யோசிச்சிட்டிருக்கேன்” என்றார் தூபா. “வருஷா வருஷம் விழாவுக்கு நீங்க பிளாஸ்டிக்கைக் கொண்டாரதே இல்லையாம், மரக் குழல் மட்டும்தான். அது தொலைஞ்சது பீரோவைத் திறந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனா பீரோ திறக்கறப்பவே உங்க கையில பிளாஸ்டிக் குழல் இருந்துச்சு. அதை ஆட்டித்தான் வசந்த்தைத் திட்டினீங்க. மரக் குழல் இன்னிக்கு ஊதாதுன்னு வீட்லேருந்து கிளம்பறப்பவே உங்களுக்கு எப்படித் தெரியும்?”

டீ கிளாஸ்கள் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கப்பட்டன.

“அது ஒரு முன்ஜாக்கிரதை.”

“சாவி சனிக்கிழமை உங்ககிட்ட. சனிக்கிழமை முறையும் உங்களோடது.”

“நேத்து நான் எப்படி வருவேன்? புரட்டாசி சனிக்கிழமை. விளக்குப் போட்டு, படையல் போட்டு, இடுப்பே விட்டுப் போச்சு.”

தூபா கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே விளக்கெண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரி ஒன்று, நுனி கருகி.

“குழல் வாய்க்குள்ள அடைச்சிட்டிருந்துச்சும்மா. உள்ள எண்ணெய் போவணும்னு விளக்குலேருந்து திரியை எடுத்துத் திணிச்சிருக்காங்க. பாதி உள்ளயே நின்னுபோச்சு. தோல் ஷாப்புல திரி கிடையாது. பாய் வீட்ல விளக்குக்குத் திரி கிடையாது. மெக்கானிக் திரி போட்டு எண்ணெய் விடறதில்ல.”

விஜயகுமாரியம்மா திரியை வாங்கிப் பார்த்தார். சர்வே ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் தன் தவறு என்று ஒன்றை இதுவரை காட்டியதில்லை.

“படையலுக்கு முன்னால ஒரு நடை போயிட்டு வந்தேன்” என்றார் கடைசியில், பாதிக் குரலில். “அந்தப் பொம்பள எந்த எண்ணெய்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம் இல்ல. என்னமோ வாசனை வந்துச்சு, கீழ யூனிட்டுத் தோல் வாசனைன்னு நினைச்சேன். ஊதினேன், வரல. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காலைல பீரோவைத் திறந்தா குழலையே காணோம். பெருமாளே காப்பாத்திட்டாருன்னு நினைச்சேன்.”

“பெருமாள் காப்பாத்தினதுக்கு என்னை ஏன் ஆன்ட்டி திட்டினீங்க?” என்றான் வசந்த். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

“யாரையாவது திட்டலன்னா எல்லாரும் என்னையில்ல பாப்பாங்க.”

நித்யஸ்ரீதான் முதலில் சிரித்தது. அழுத கண்ணோடு சிரித்ததால் கொஞ்சம் விக்கலும் வந்தது. தூபா குடையை எடுத்துக்கொண்டு விஜயகுமாரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நீங்க கேட்ட விசாரணை முடிஞ்சுதும்மா. பையன் குடிக்க மாட்டான். வேற சம்சாரம் இல்ல. கல்யாணமே நின்னு போவும்னு தெரிஞ்சும் செஞ்சதை நான்தான் செஞ்சேன்னு எழுந்து சொல்றான். இருபது வருஷமா மாப்பிள்ளைங்களை விசாரிக்கறேன், இந்த மாதிரி ஒருத்தனைப் பாத்ததில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்ப ஒரே ஒரு சிக்கல். நாலு மணிக்கு அவங்க அப்பா அம்மா வராங்க. சம்பந்தியம்மா எப்படின்னு என்கிட்ட கேட்டாங்கன்னா நான் இன்னா சொல்லட்டும்?”

விஜயகுமாரியம்மா யோசித்தார். தெருவில் திறந்திருந்த ஜன்னல்களும் காத்திருந்தன.

“பொங்கல் நல்லா செய்வாங்கன்னு சொல்லு” என்றார்.

“அதை மட்டும் சொல்ல வேணாம் மேடம்” என்றான் பிரேம்நாத்.

ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம். அணைக்கட்டில் பந்தல் போட்டார்கள். குழு மொத்தமும் வேனில் போய் மேடையில் ஊதியது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்காகக் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். வசந்த்துக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் வேலை கிடைத்து, இருவரும் அங்கே குடிபோனார்கள். ராஜவேலு குழுவை விட்டுவிட்டு கஜல் பாடக் கற்றுக்கொள்கிறார். முக்தார் அகமது வீட்டை மாற்றிக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் போய்விட்டார். வீட்டு வாடகை ஜாஸ்தி என்று சொன்னார். வாடகை இரண்டு வருஷமாக ஏறவில்லை. பிரேம்நாத்துக்கும் கலவை என்கிற ஊரில் பெண் பார்த்துக் கல்யாணம் ஆயிற்று. பெண் வீட்டார் அவனைப் பற்றி விசாரிக்க வேலூரிலேயே வேறொரு ஆபீஸுக்குப் போனார்களாம். தூபா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

மகளைப் பிரிந்து இருக்க முடியாமல் போன ஆனியில் விஜயகுமாரியம்மாவும் ராணிப்பேட்டைக்குக் குடிபோனார். மகள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. அங்கேயும் ஒரு ரெக்கார்டர் குழு ஆரம்பித்திருக்கிறார், ஞாயிறுதோறும் பத்து மணிக்கு. வசந்த் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்கிறானாம்.